மூளிக் காது

அம்மாடி, காதுக்குள்ள சொருகியிருக்கியே, அதைக் கொஞ்சம் எடுக்குறியா? ஒண்ணே ஒண்ணு கேக்கணும். சீட்டு மாறச் சொல்லலை, உக்காரு, உக்காரு. அது பாட்டுக்கா, இல்லை வெளிச் சத்தம் வராம இருக்கறதுக்கா? பாட்டுக்கா. சரி. சத்தத்தை நிறுத்துற மாதிரி ஏதோ புதுசா வந்திருக்காமே, உனக்குத் தெரியுமோன்னு கேட்டேன். கடை கடையா ஏறி எறங்கியாச்சு. யாரைப் பாத்தாலும் இப்பல்லாம் காதைத்தான் பாக்குறேன். நீ மாட்டுத்தாவணியில ஏறுறப்பவே உன் காதைப் பாத்துட்டேன். ஜிமிக்கி நல்லா எடுப்பா இருக்கும்மா. கல்யாண வீடா? திருச்சியிலயா? நல்லது.

நாங்களும் திருச்சிதான். அந்தா, எதுத்தாப்புல முன் சீட்டுல ஜன்னல்ல தலையைச் சாய்ச்சிருக்கே, அதுதான் என் மக. சுபிக்‌ஷா. சுபின்னு கூப்பிடுவோம். பன்னெண்டாவது முடிச்சிருக்கா. பக்கத்து சீட்டு பூரா அவ கோட்டும் பையும்தான், அதான் நான் இங்கிட்டு வந்து உக்காந்துட்டேன். சத்தமாவே பேசலாம், இந்த பஸ் இரைச்சல்ல அவளுக்குக் கேக்காது. வேணும்னா பாரு. சுபி! ஏய், சுபி! பாத்தியா? கண்டக்டர் திரும்பிப் பாக்குறாரு, அவ திரும்பலை. தூக்கம்னு நினைக்காதே. கண்ணு முழிச்சுத்தான் இருக்கா, ரோட்டைப் பாத்துக்கிட்டு இருக்கா.

துப்பாக்கி சுடுறாம்மா. ஆமா, நெசத் துப்பாக்கிதான். ஸ்கூல்ல என்சிசியில சேந்தா. கேம்புக்குக் கூட்டிப் போயி எல்லாப் பிள்ளைகளையும் குப்புறப் படுக்கவச்சு சுடச் சொல்லியிருக்காங்க. மத்த பிள்ளைக சுட்டது மண்ணுல போச்சு. இவ சுட்டது அம்புட்டும் அட்டையில ஒரே இடத்துல. எங்க வம்சத்துல கொசு அடிக்கக்கூட ஒருத்தருக்குத் துப்பு கிடையாது, இவளுக்கு எங்கிட்டிருந்து வந்துச்சோ! மரியதாஸ்னு ஒரு சார், பட்டாளத்துல இருந்து வந்தவரு, அவருதான் கிளப்புல சேத்துவிட்டுச் சொல்லிக் குடுக்குறாரு. நாளைக்குத் திருச்சியில மாநில அளவுல போட்டி. துப்பாக்கியெல்லாம் அவரு வண்டியில முன்னாடியே போயிருச்சு, சுடுறப்ப போடுற கோட்டு மட்டும்தான் எங்ககிட்ட. இதுல வந்துட்டா அடுத்தது தேசிய அளவு. அப்படியே விளையாட்டுக் கோட்டாவுல போலீஸ் வேலை கிடைக்கும்ங்கிறாங்க. என் பிள்ளை காக்கி போட்டு நிக்கிறதைப் பாக்கணும். அதுக்குத்தான் மூச்சு விட்டுக்கிட்டு இருக்கேன்.

ஆனா காது போயிக்கிட்டு இருக்கே! இடது காது பாதிக்கு மேல போயிருச்சு. வலதுலயும் ஆரம்பிச்சிருச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. போன நரம்பு போனதுதான், அதுக்கு மருந்து கிடையாது, மிச்சத்தையாவது காப்பாத்திக்கங்கன்னாரு. எப்படிக் காப்பாத்துறது? அதைத்தான் உன்கிட்டயும் கேக்குறேன், கடைக்காரன்கிட்டயும் கேக்குறேன், சாமிகிட்டயும் கேக்குறேன். விட்டுருடி, வேற எதுனாலும் விளையாடுன்னு சொல்லிப் பாத்தேன். சாப்பாட்டை விட்டுட்டா. எனக்கு வேற என்ன வழி இருக்கு, சொல்லு?

அவங்க சுடுற எடத்தை நீ பாத்ததில்லையே. மூணு பக்கமும் சிமெண்டுச் சுவரு, மேல தகரம். ஒரு வெடி போட்டா உள்ளேயே சுத்திச் சுத்தி வரும். முதல் நாள் வாசல்ல நின்னப்பவே எனக்கு நெஞ்சுக்கூடு அதிர்ந்துச்சு. அதுக்குத்தான் இந்த மஃப். இந்தா, பாரு. ஹெட்போன் மாதிரியே இருக்கும், பாட்டு வராது. ரெண்டு கிண்ணமும் காதை முழுசா மூடிக்கிடணும். இந்தப் பை பூராவும் அதுதான்.

கிளப்புல ஒண்ணு குடுத்தாங்க, ஊருல இருக்கறவங்க வேர்வை பூரா அதுல. வேணாம்னு நான் புதுசா ஒண்ணு வாங்கினேன், இந்தச் செவப்பு. கொஞ்ச நாளையில காதுக்குள்ள குய்யுனு கேக்குதும்மான்னா. டப்பாவுல ஒரு நம்பர் போட்டிருக்கும்மா. எம்புட்டு சத்தத்தைக் குறைக்கும்னு அந்த நம்பர்தான் கணக்காம். நம்பர் கூடக் கூட நல்லதுன்னாங்க. பட்டுல ஜரிகை பாக்குற மாதிரின்னு வச்சுக்க. அதைவிடப் பெரிய நம்பரா இந்தக் கறுப்பு வாங்கினேன். அப்பவும் குய்யுதான். அப்புறம் இது, பேட்டரி போட்டது. பேசினா கேக்கும், வெடிச்சா தானா அடைச்சுக்கும். இதைப் போட்டுக்கிட்டுத்தான் இடது காது ரொம்ப மந்தமாச்சு.

காதுக்குள்ள விடுற ஸ்பாஞ்சா? அதையும் பாத்தாச்சு. உருட்டி உள்ள விட்டா விரிஞ்சுக்கிடணுமாம். பிள்ளைக்குக் காது இப்படி இருக்கேன்னு நான் தெனமும் நல்லெண்ணெயில பூண்டு தட்டிப் போட்டு, காய்ச்சி, ரெண்டு சொட்டு விடுவேன். காதுக்கு அதைவிட நல்லது ஏது? அந்த ஸ்பாஞ்சு என்னடான்னா நிக்கவே மாட்டேங்குது, வழுக்கிக்கிட்டு வெளிய வந்துருது. அம்புட்டும் மட்டச் சரக்கு.

நான் என்ன விவரம் தெரியாதவளா? ஜவுளிக்கடையில பட்டு செக்‌ஷன்ல நிக்கிறவம்மா நான். ஒரு பொருளைக் கையில வாங்கினா எடை, தையல், உள்பக்கம் எல்லாம் பாத்துருவேன். இந்த மஃப்ல ஒண்ணைக்கூட என் தலையில மாட்டிப் பாக்காம வாங்கலை. கடைத்தெருவுல நின்னு மாட்டுவேன். ஆட்டோ சத்தம், கரும்பு ஜூஸ் மெஷின் சத்தம், அம்புட்டும் கப்புனு அடங்கிரும். கடைக்காரன் வாயி மட்டும் அசையும். அந்தச் செவப்புகூட அப்படித்தான். எனக்கு ஒரு சத்தமும் கேக்கலை, அவளுக்கு மட்டும் எப்படிம்மா கேக்குது? அதே மஃப்தானே? என் மண்டை வேற, அவ மண்டை வேறயா? நெனச்சு நெனச்சு எனக்குப் பைத்தியம் பிடிச்சுரும் போல இருக்கு.

இன்னொண்ணு. துப்பாக்கி ஒட்டியிருக்கறது வலது கன்னத்துல. போனது இடது காது. இது என்ன நியாயம்? மரியதாஸ் சாரைக் கேட்டா, கன்னத்தைச் சாய்ச்சு வைக்கிறப்ப இடது காதுதான் துப்பாக்கி முனையைப் பாக்க இருக்கும், வலது காதைத் தலை மறைச்சுக்கிடும்ங்கிறாரு. என்னவோ சொல்றாரு. எனக்குக் கண்ணேறுன்னுதான் படுது. பேப்பர்ல போட்டோ வந்ததுல இருந்துதான் எல்லாமே.

மேலூரா இது? தாண்டியாச்சா. உனக்குத் தூக்கம் வந்தா சொல்லும்மா, நிறுத்திக்கிறேன். வரலையா? நீ ஏன் என் மகளையே பாக்குறே? ஆமா, அவ காதுல இருக்கறதும் ஜிமிக்கிதான். உன்னோடதைவிடப் பெருசு. காது குத்துனப்ப எங்க அண்ணன், அவ தாய்மாமன், போட்டது. மேல காதைச் சுத்திப் போயி முடியில மாட்டியிருக்கே, அது மாட்டல். அது நான் போன வாரம் வாங்கினது. மஃப் போட்டா ஜிமிக்கி அழுத்துது, கன்னத்துல பதியுதுன்னா. சரி, மாட்டல் போட்டுத் தூக்கி நிறுத்திட்டா ஆடாது, அழுத்தாதுன்னு வாங்கினேன். போட்டிக்குப் போற பிள்ளை மங்களகரமா இருக்கணுமா இல்லையா?

ம்? என்ன சொன்னே? நீயும் அதைத்தான் சொல்றியா!

வேணாம்மா. மரியதாஸ் சாருக்கும் எனக்கும் இதுலதான் பேச்சுவார்த்தையே நின்னு போச்சு. கழட்டிட்டு மஃப் போடச் சொல்லுங்கம்மா, இடையில சந்து விழுதுன்னாரு. பெத்தவகிட்ட வந்து, வயசுப் பிள்ளைக்குக் காதை மூளியா வைன்னு சொல்றாரு! துப்பாக்கியைப் பத்திச் சொல்லுங்க சார், என் பிள்ளை காதைப் பத்திப் பேசாதீங்கன்னுட்டேன். ஒரு நாள் மத்தியானம் சாப்பாடு கொண்டு போறேன், என் மக வெறுங்காதோட நிக்கிறா. ஜிமிக்கியைக் கழட்டிப் பையில போட்டு வச்சிருக்கா. தூக்குச்சட்டி கீழ விழுந்து சோறெல்லாம் சிதறி, அங்கேயே உக்காந்து தலையில அடிச்சுக்கிட்டு அழுதேன். எல்லாரும் பாக்குறாங்க. பாத்தா பாக்கட்டும். அன்னைக்கே வீட்டுக்குக் கூட்டி வந்து அவ அப்பா போட்டோ மேல கையை வைக்கச் சொல்லி சத்தியம் வாங்கிட்டேன், இனிமே கழட்ட மாட்டேன்னு. பாவம், நல்ல பிள்ளை. அதுக்கப்புறம் அவ கழட்டினதே இல்லை. குளிக்கிறப்பகூடக் கழட்ட மாட்டா.

என் காதை ஏன் பாக்குறே? பாரு, பாரு. ஓட்டை மட்டும்தான் இருக்கு. நானும் ஒரு காலத்துல செவப்புக்கல்லுத் தோடு போட்டவதான்.

எங்க வீட்டுக்காரரு போனப்ப சுபி ஒண்ணாவது படிச்சுக்கிட்டு இருந்தா. எலக்ட்ரீசியன் வேலை. காலையில சிரிச்சுக்கிட்டுப் போனவரை வேன்ல கொண்டாந்து எறக்கினாங்க. இப்பல்லாம் நெறைய பேரு இதெல்லாம் செய்யறதில்லைம்மா. ஆனா அவரு ஊருல விட மாட்டாங்க. கருமாதி அன்னைக்கு என்னை நடுவுல உக்காரவச்சாங்க. தாலி, மிஞ்சி எல்லாம் எடுத்தாங்க. அதைக்கூடத் தாங்கிட்டேன். தோட்டுத் திருகு கழண்டு வரலை. நாத்தனா பல்லைக் கடிச்சுக்கிட்டுத் திருகுறா, காதுல ரத்தம் வந்துருச்சு. சுபி ஓரமா நின்னு பாத்துக்கிட்டு இருந்தா. அன்னைக்கு ராத்திரி என் மடியில படுத்துக்கிட்டு, அந்த ஓட்டையில விரலை வச்சு, இது எப்பம்மா மறுபடி வரும்னு கேட்டா. வராதுடின்னு சொன்னேன்.

கழட்டினா கழட்டினதுதான்மா. கடையில சூப்பர்வைசர்கூடச் சொன்னாரு, கஸ்டமர் முன்னாடி நிக்கிறீங்க, சும்மா ஒரு கவரிங்காவது போடுங்கன்னு. கையில வாங்கினேன், காது வரைக்கும் கொண்டு போனேன். திருப்பிக் குடுத்துட்டேன். என் காதை மூளியாக்கினாங்களே, அது போதும். என் மக காது மூளியா இருக்கறதை இந்தக் கண்ணால பாக்க மாட்டேன். அதுல மட்டும் நான் கல்லு.

துவரங்குறிச்சியில டீக்கு நிக்கும். நமக்கு வேணாம், அவளுக்கு மட்டும் ஒரு டீ வாங்கணும். இப்ப வீட்டுல எப்படின்னு கேக்குறியா? டிவியைத் தெருவுக்கே கேக்குற மாதிரி வைக்கிறா. முன்னாடியெல்லாம் நான் சமைக்கிறப்ப பின்னாடி உக்காந்து வாய் ஓயாம பேசுவா. இப்பப் பேச்சே இல்லை. நான் பேசினா என் உதட்டையே பாக்குறா. திரும்பி நின்னு பேசிட்டேன்னு வையி, எழுந்து போயிருறா. ஒரு நாள் விடியக்காலம் எழுந்து பாக்குறேன், ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்கா. வெளியில ஒரு சத்தமும் இல்லைம்மா. அந்தக் குய்யுங்கறது உள்ள இருந்து வருதாம். அதை எந்தக் கையை வச்சு மூடுறது? நான் அவ கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். அவ என்னைச் சமாதானப்படுத்துறா.

போலீஸ் வேலைக்குக் காது டெஸ்ட்டு உண்டுன்னு இப்பத்தான் யாரோ சொல்றாங்க. அது வேற. சுட்டு செயிச்சாலும் காது இல்லைன்னா வேலை இல்லை. நாளைக்கு ஒரு நாள் பூரா சுடணும். இன்னும் மிச்சம் இருக்கறதும் நாளையோட போயிருச்சுன்னா? சமயபுரத்தாளுக்கு வெள்ளியில காது உரு வாங்கி வச்சிருக்கேன். இந்தா, மஞ்சத்துணியில முடிஞ்சிருக்கேன் பாரு. போட்டிக்கு முன்னாடி உண்டியல்ல போட்டுரணும். நேத்து ஒண்ணு புதுசா வாங்கினேன், இந்தப் பச்சை மஃப். இதுதான் கடையிலயே பெரிய நம்பர். இதுக்கு மேல கிடையாதுன்னுட்டான். இதுவும் கைவிட்டுட்டா எனக்கு வேற கதி இல்லைம்மா.

நீ போட்டுப் பாக்குறியா? போட்டுப் பாரு, போட்டுப் பாரு. உன்னை மாதிரிச் சின்னப் பிள்ளைக காதுல எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்கலாம். மெதுவா. இரு, முடியை ஒதுக்கி விடுறேன். ம். இப்ப டிரைவர் ஹாரன் அடிக்கிறாரே, கேக்குதா?

கேக்குதா?

முழுசாவா? நான் பேசுறதும் கேக்குதா? அதெப்படி? குடு இங்க. நான் போடுறேன். இந்தா, எனக்கு ஒண்ணும் கேக்கலையே. நீ வாயை அசைக்கிறே, சத்தம் வரலை. ஹாரனும் வரலை. இந்தா, கழட்டிட்டேன். எனக்கு நல்லாத்தானே அடைக்குது? உனக்குக் கேக்குது, அவளுக்குக் கேக்குது, எனக்கு மட்டும் எப்படி?

என்ன பண்றே? ஏம்மா, ஜிமிக்கியை ஏன் கழட்டுறே? கல்யாணத்துக்குப் போற பிள்ளை, தாலி கட்டிக்கிட்டவ! வேணாம்மா, ரோட்டுல போறப்ப கழட்டாதே, என்னால பாக்க முடியாது. சொன்னாக் கேளு. அதை ஏன் என் கையில குடுக்குறே?

திரும்பவும் மஃப்பா? சரி, போட்டுக்க. போட்டாச்சா? ஹாரன் அடிச்சாரே, இப்ப கேட்டுச்சா?

ஏம்மா.

அம்மாடி, உன்னைத்தான் கேக்குறேன். கேட்டுச்சான்னு கேக்குறேன்ல? ஏய்! பிள்ளே!

கண்டக்டரே திரும்பிப் பாக்குறாரு. நீ ரோட்டைப் பாத்துக்கிட்டு இருக்கே.

கழட்டு. போதும், கழட்டிரு. இந்தா உன் ஜிமிக்கி. போட்டுக்க, முதல்ல போட்டுக்க, என் எதுத்தாப்புல வெறுங்காதா இருக்காதே. திருகாணி சரியா விழுந்துச்சா? ஒரு பக்கம் திரும்பு, பாப்போம். விழுந்துருச்சு. ரெண்டும் இருக்கு. எப்பவும் போல இருக்கு.

எப்பவும் போலத்தான் இருக்கு.

அப்ப, என் காது மூளியா இருக்கறதாலதான் எனக்கு மட்டும் அடைச்சிருக்கு.

அவளுக்குத் தெரியும் போல. சார் முதல் நாளே அவகிட்டச் சொல்லியிருப்பாருல்ல? அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சேதான் போட்டுக்கிட்டு இருந்திருக்கா. அன்னைக்கு நான் சோத்துல உக்காந்து அழுதேனே, அதைப் பாத்துட்டு. அவ அப்பா போட்டோ மேல கையை வச்சதுக்காக. ஐயோ, என் தங்கம். வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லலையேம்மா அவ.

விராலிமலை வந்துருச்சா? இன்னும் எம்புட்டு நேரம் இருக்கு? அம்மாடி, உன் கையைக் குடு. எனக்கு ஒரு உதவி செய். நீ போயி அவ பக்கத்துல உக்காரு. பையைத் தூக்கிக் கீழ வச்சுரு. இப்பக் கண்ணு அசந்துட்டா போல, தலை ஆடுது. நீ கழட்டிரு. என் கையால வேணாம்மா. இந்தக் கை கழட்டினா அது வேற மாதிரி ஆயிரும். எங்க சொந்தக்காரங்க கையும் வேணாம். நீ யாரோ, இன்னைக்குக் கல்யாணத்துக்குப் போறவ, இப்பத்தான் கழட்டிட்டுத் திரும்பப் போட்டுக்கிட்டே. நீ கழட்டினா அது திரும்பப் போடுறதுக்குக் கழட்டினதா இருக்கும்.

முதல்ல மாட்டலை எடு. முடியில கொக்கி இருக்கும், இழுத்துறாதே. அப்புறம் திருகு. இறுக்கமா இருக்கும், நான்தான் இறுக்கி வச்சேன். மெதுவாத் திருகு, ரத்தம் வந்துறக்கூடாது. கழட்டினதை இந்த மஞ்சத்துணியில, வெள்ளிக் காதோடவே முடிஞ்சு வையி. நாளைக்குச் சாயங்காலம் போட்டி முடிஞ்சதும் நானே எடுத்து மாட்டிவிடுவேன். மாட்டிவிடுறதுக்கு என் கை ஆகும்ல? ஆகும்னு சொல்லும்மா.

முழிச்சுக்கிட்டா பயந்துருவா. கூப்பிடாதே, கேக்காது. அவ முகத்துக்கு நேரா குனிஞ்சு, உதடு தெரியுற மாதிரி, உங்க அம்மாதான் கழட்டச் சொன்னாங்கன்னு சொல்லு. நம்ப மாட்டா. திரும்பி என்னைத்தான் பாப்பா. நான் இங்கேருந்து தலையை ஆட்டுறேன்.